மர்ஸூக்கின் வேகன்களில் ஏறிய சரக்கு

பாலாவிச் சந்தியில் படங்கும் கயிறும் விற்கும் மர்ஸூக் லொறிகளின் தயவில் வாழ்கிறவர். உப்பளத்து லொறி, சீமெந்து லொறி, கற்பிட்டியிலிருந்து வெங்காயமும் கருவாடும் ஏற்றி வரும் லொறி என்று எதன் முதுகைப் பார்த்தாலும், அதை மூடியிருக்கும் படங்கு அநேகமாக அவர் கடையில் வெட்டியதாகவே இருக்கும். ஒரு காலத்தில் ரயிலில் போன சரக்கை லொறி பிடுங்கிக்கொண்டதால்தான் அவர் வீடு கட்டினார், மகள் றிப்னாவைக் கட்டிக்கொடுத்தார். அப்படிப்பட்டவர் அந்த வீட்டில் ஓர் அறையை முழுதாக ரயில் சரக்குப் பெட்டிகளுக்கு ஒதுக்கியிருந்தார். இதில் முரண் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. இறைச்சிக் கடைக்காரன் வீட்டில் ஆடு வளர்ப்பதில்லையா என்பது அவர் கட்சி.

பெட்டிகள் என்றால் உள்ளங்கையில் அடங்குகிறவை. நிஜப் பெட்டியை எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கி, ஆணி ஆணியாக, கொளுக்கி கொளுக்கியாக வார்த்தெடுத்தவை. வாய் திறந்த நிலக்கரி வேகன், பக்கவாட்டில் கதவு இழுபடும் மூடு வேகன், மரம் ஏற்றும் தட்டு வேகன், எண்ணெய்த் தாங்கி, ரயிலின் கடைசியில் காவலர் இருக்கும், கூரை கழலும் காட் பெட்டி; ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் இருக்கையும் அதற்கு மேலே சாமான் வலையும் தெரிகிற பயணிகள் பெட்டிகளும் சில. சாச்சா மகன் நௌஃபர் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே பழைய சாமான் சந்தையில் பார்த்து வாங்கி, ஊருக்கு வருகிறவர்களின் பையில், காலுறை மேசுக்குள் சுருட்டித் தந்துவிடுவான். இப்படிப் பத்துப் பதினைந்து வருடமாக ஒவ்வொன்றாக வந்து இரண்டு அலுமாரித் தட்டுகள் நிறைந்துவிட்டன.

எஞ்சின் ஒன்றுகூட இல்லை. தண்டவாளம் ஒரு சாணும் இல்லை.

"எஞ்சின் இல்லாம இது என்ன முதலாளி ரயில்?" என்று றொபி கேட்டார். றொபி சிலாபத்துக்காரர், கத்தோலிக்கர், பாலாவியில் ரயில் கடவைக்குக் காவல் நிற்பவர். மர்ஸூக்கின் ஒரே நெருங்கிய சிநேகிதர்.

"எஞ்சின் வந்தா ஓட்டச் சொல்லும். ஓடினாத் தேயும்."

"அனே, ஓடத்தானே சில்லு வச்சிரிக்கான்."

"உங்களுக்கு விளங்காது றொபி."

விளங்காதுதான். நாள் முழுக்க நிஜ ரயிலுக்குப் படலை திறந்து மூடுகிற றொபிக்கு ரயில் என்றாலே கொட்டாவி வரும். மர்ஸூக்கும் கொழும்புக்குப் போவதென்றால் பஸ்தான். ரயிலில் போனால் போய்ச் சேரலாம், போன காரியத்தை முடிக்க ஏலாது என்பார்.

மனைவி அஸீஸாவுக்குப் பொருள் சேர்க்கிறவர்கள் மேல் நம்பிக்கை இல்லை. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, அவள் சிறுமியாய் இருந்தபோது, அவள் குடும்பம் மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்து புத்தளத்தில் இறங்கியது. அலுமாரி நிறைய எதையும் அடுக்கிப் பார்க்க அன்றிலிருந்து அவளுக்கு மனம் வரவில்லை. "அந்த அறைக்குள்ள நான் தும்மக்கூடப் போறல்ல" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். மர்ஸூக்குக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பெட்டிகளை யாரும் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து அவரே தூசி தட்டுவார். எது எங்கிருந்து வந்தது, எதில் எந்த ஆணி போயிற்று என்பதெல்லாம் தலைக்குள் இருந்தது. ஒன்றையும் எழுதி வைத்ததில்லை. மறக்கப் போகிறவன்தான் எழுதுவான் என்று ஒருமுறை நௌஃபரிடம் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமைதான் பிறகு அவரைப் பிடித்து ஆட்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை அறையைத் திறந்தபோது, வாய் திறந்த நிலக்கரி வேகன் ஒன்றில் சரக்கு ஏறியிருந்தது.

வெள்ளை வெளேரென்று, விளிம்பு தட்டி, மட்டமாக. பாலாவியில் வெள்ளையாக எதைக் கண்டாலும் உப்பு என்றுதான் மனம் சொல்லும். உப்பளத்துக் காற்று கொண்டுவந்து கொட்டியதோ என்று ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் மூடியிருந்தது. காற்று கொட்டினாலும் ஒரு வேகனுக்குள் மட்டும் அளந்து கொட்டாது. ஒரு பரலை எடுத்து நாக்கில் வைத்தார்.

கல்கண்டு.

மர்ஸூக்குக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. இரண்டு வருடமாக அந்த வீட்டுக்குள் இனிப்பு என்ற பேச்சே கிடையாது. விருந்தாளிக்குத் தேத்தண்ணீர் கொடுக்க வைத்திருக்கும் சீனிப் போத்தலைக்கூட அஸீஸா எங்கோ மறைத்து வைத்திருந்தாள். அப்படியிருக்க, அவர் தவிர வேறு யாரும் கால் வைக்காத அறையில், அவர் மட்டும் தொடுகிற வேகனில், கல்கண்டு எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருந்தது. அது அவருடைய வாப்பாவிடம் இருந்து வந்தது.

வாப்பா உப்பளத்தில் நிறை பார்த்தவர். கணக்கில் புலி. அறுபதை நெருங்கும்போது இனிப்பை ஒளிக்கத் தொடங்கினார். தலையணை உறைக்குள் சீனி மிட்டாய், மடக்கிய குடைக்குள் பேரீச்சம்பழம், றேடியோவில் பெட்டரி போடுகிற இடத்தில் கல்கண்டு. ஒளித்ததை மறந்துவிடுவார். எடுத்துக் காட்டினால், "இது யாரிட வேல?" என்று மெய்யாகவே ஆச்சரியப்படுவார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் பிள்ளைகளின் பெயரை மாற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு பெயரே சொல்லவில்லை. முதலில் இனிப்பு, பிறகுதான் பெயர். அந்த வரிசையை மர்ஸூக் மறக்கவில்லை. அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு.

கல்கண்டைத் தின்று முடித்தார். சாட்சியை அழிக்கத்தான் தின்றேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாட்சியை அழிக்க அவ்வளவு மெதுவாகச் சப்பத் தேவையில்லை.

அஸீஸாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அறையைப் பூட்டலாமா என்று யோசித்தார். யாருக்காகப் பூட்டுவது? திருடன் தானே என்றால் பூட்டின் திறப்பும் தன்னிடம்தானே இருக்கும்?

அடுத்து ஒரு மூடு வேகன். அது அவருடைய செல்லம். இங்கிலாந்திலிருந்து வந்த வழியில் அதன் பின்முனையில் முட்டுத்தாங்குகிற குமிழ் ஒன்று உடைந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் அப்படி நான்கு குமிழ் உண்டு, முனைக்கு இரண்டாக. உடைந்த இடத்தில் அஸீஸா ஸ்காஃப் குத்துகிற சிவப்புத் தலை ஊசி ஒன்றை வெட்டி ஒட்டியிருந்தார். அன்று அதைத் தூசி தட்டத் தூக்கியபோது உள்ளே கலகலவென்றது. கதவை இழுத்தார். சீனி பூசிய கஜு, முந்திரிப் பருப்பு.

"யா அல்லாஹ்," என்று சொல்லி, கதிரையில் உட்கார்ந்து, கஜுவைத் தின்றார்.

மூன்றாவது, காட் பெட்டி. கூரையைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய, தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் ஒரு துண்டு. கறுப்பாக, பளபளவென்று, சரக்கு ரயிலின் காட் படுத்துத் தூங்குவதுபோல் கிடந்தது. அதைத் தின்ன மாட்டேன் என்று முடிவெடுத்தார். முடிவெடுத்து பின்னேரத்து அசர் தொழுகை வரைக்கும் தின்னவில்லை.

தன் தலையைத் தானே பரிசோதிக்கத் தொடங்கினார். கடையில் படங்கு அளக்கும்போது பாலாவியிலிருந்து சிலாபம் வரைக்கும் ரயில் நிற்கிற ஊர்களை வாய்க்குள் ஒழுங்காகச் சொல்லிப் பார்ப்பார். ஒருநாள் றொபி வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றது தெரியாமல் உரத்தே சொல்லிவிட்டார்.

"மதுரங்குளி, மங்களஎளிய, புளிச்சாக்குளம், பத்துளு ஓயா..."

"முந்தல எங்க முதலாளி விட்டீங்க?"

"என்ன?"

"மங்களஎளியக்குப் பிறகு முந்தல். முந்தல்ல நிக்காம ரயிலக் கொண்டு போயிட்டீங்களே. சனம் கல்லெறியப் போகுது."

றொபி சிரித்தார். மர்ஸூக் அளந்த படங்கைத் திரும்ப முதலிலிருந்து அளந்தார். மறுநாள் சொல்லிப் பார்த்தார். திரும்பவும் முந்தல் விடுபட்டது. ஊர் அப்படியே இருக்கிறது, கடைத்தெருவும் இறால் பண்ணையும் தென்னந்தோட்டமும் இருந்த இடத்தில் இருக்கின்றன, போன மாதம்கூடப் போய் வந்திருக்கிறார். வாய்க்கு மட்டும் அந்த ஊர் கிடைக்கவில்லை.

கிளினிக்கில் இரத்தம் பார்த்தார்கள். சீனி ஏறியிருந்தது. டொக்டர் றிப்னாவின் வயதுப் பெண்.

"இனிப்பு சாப்பிட்டீங்களா ஐயா?"

"இல்ல." பிறகு, ஹராமாகப் பொய் சொல்ல மனமில்லாமல், "கொஞ்சம்."

"வீட்டில செய்ததா?"

"வீட்டில இல்ல. வந்தது."

"எங்கால வந்தது?"

மர்ஸூக் யோசித்தார். உண்மை அவ்வளவு சிறிதாக இருந்தது. "வேகன்ல வந்தது."

டொக்டர் பேனையை வைத்தார். அவரை நேராகப் பார்த்தார். குரலை மிகவும் மென்மையாக்கிக்கொண்டு, "ஐயா, இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

"செவ்வாய்."

"என்ன மாசம்?"

இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னார். ஆனாலும், "அடுத்த முறை வரக்குள்ள வீட்டில யாரையும் கூட்டிக்கொண்டு வாங்க" என்றார் டொக்டர். வாப்பா முதன்முதலாகக் கிளினிக்குக்குத் தனியாகப் போனபோதும் ஒரு டொக்டர் இதையேதான் சொன்னார். அப்போது கூடப் போன அந்த 'யாரும்' மர்ஸூக்.

அன்றைக்கே நௌஃபருக்குக் குரல் பதிவு அனுப்பினார். "இனி எனக்குப் பெட்டி ஒண்டும் வாங்காத தம்பி. இரிக்கிறதையும் யாருக்காச்சும் குடுத்திரலாம் எண்டு பாக்கிறன். ஒருத்தருக்கிட்டயும் சொல்லாத." நௌஃபர் திருப்பி அழைத்தபோது எடுக்கவில்லை. எந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்பது தலைக்குள் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். பிறகு யாருக்கும் சொல்ல ஏலாமல் போகும் என்பது அவர் கணக்கு. தலை சரியில்லை என்று முடிவு கட்டியவர் இவ்வளவு தெளிவாக யோசித்தது அவர் கண்ணில் படவில்லை.

அந்த வாரம் றொபியின் பேத்திக்குப் பிறந்தநாள். ரயில் கடவைக்குப் பக்கத்திலுள்ள றொபி வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மர்ஸூக்கும் அஸீஸாவும் போனார்கள். மர்ஸூக் வீட்டுக்கு அடுத்த வீட்டு றிஸ்மியாவும் வந்திருந்தாள். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறவள்; படம் எடுத்து முகநூலில் போட்டே பாலாவி முழுக்கப் பெயர் எடுத்தவள். மேசையில் இருந்த கேக்கை மூடியிருந்த துணியை அவளே எடுத்தாள்.

ரயில் கேக். நீளமான கொக்கோ நிற மூடு வேகன். பக்கத்தில் கதவு, கதவில் கொளுக்கி, ஆணி ஆணியாகச் சீனிப் பொட்டுகள். அவர் பக்கம் திரும்பியிருந்த பின்முனையில் இரண்டு குமிழ். ஒன்று கறுப்பு. மற்றது சிவப்பு.

மர்ஸூக் கண்ணை மூடித் திறந்தார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. உலகத்தில் ஒரே ஒரு வேகனில்தான் அந்த இடத்தில் சிவப்புக் குமிழ் இருக்கிறது. அது அவர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இதுவரை வேகனில் இனிப்பு வந்தது. இப்போது வேகனே இனிப்பாகி வந்திருக்கிறது. வாப்பாவுக்குக்கூட இந்த அளவுக்குப் போகவில்லை.

றொபி கத்தியை எடுத்தார்.

"வெட்டாதீங்க!"

முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மர்ஸூக் றொபியின் கையைப் பிடித்து, காதுக்குள் கேட்டார். "றொபி, மேசையில என்ன இரிக்கி?"

"கேக்."

"என்ன மாதிரிக் கேக்?"

"ரயில் கேக். ஏன் முதலாளி?"

"பின்னால ஒரு குமிழ் என்ன நிறம்?"

றொபி குனிந்து பார்த்தார். "சிவப்பு. ஏன், ரயில்வே சட்டத்துக்கு மாறா?"

மர்ஸூக்குக்கு அழுகை வரும்போல இருந்தது. தான் பார்ப்பதை இன்னொரு மனிதரும் பார்க்கிறார். ஆனால் அப்படியென்றால் இது என்ன? அதற்குள் றிஸ்மியா சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா மச்சான்? உங்கட ஊசியக்கூட நான் விடல்ல!"

மர்ஸூக் திரும்பி அஸீஸாவைப் பார்த்தார். அஸீஸா பந்தலின் மூலையை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு விசாரணை நடந்தது. றிஸ்மியாவும் கூடவே வந்தாள். குற்றவாளி தானாகவே வருகிற ஊர் அது.

"நெட்ல வேகன் படம் இரிக்கி மச்சான். ஆனா படத்தில பின்பக்கம் தெரியாதே! கேக்குக்கு மாதிரி பாக்க அஸீஸா ராத்தாக்கிட்டக் கேட்டன். நீங்க கடைக்குப் போன பிறகு எடுத்து, அசருக்கு முதல் திருப்பி வச்சிருவன். ஒரு கீறல் பட்டிரிக்கா, சொல்லுங்க?"

"என்கிட்ட ஏன் கேக்கல்ல?" என்று அஸீஸாவிடம் கேட்டார் மர்ஸூக்.

"கேட்டாக் குடுத்திரிப்பீங்களா?"

"இல்ல."

"அதான் கேக்கல்ல."

இந்த வாதத்தில் ஓட்டை தேடி மர்ஸூக் சற்று நேரம் அலைந்தார். கிடைக்கவில்லை.

"சரி. அப்ப கல்கண்டு?"

"என்ன கல்கண்டு?" என்றாள் அஸீஸா.

றிஸ்மியாவுக்கு ஆச்சரியம். "பின்ன என்ன ராத்தா, வெறுமனே திருப்பி வைக்கிறதா? ஒரு வீட்டில இருந்து எடுத்த சாமான வெறுமையாக் குடுக்க ஏலுமா? அது வாய் திறந்து கிடந்திச்சி, பாத்திரம் மாதிரித்தானே! கல்கண்டு போட்டன். மத்ததுக்குள்ள கஜு போட்டன். உங்களுக்கெண்டுதான் ராத்தா வச்சன். அடுத்த முறை எடுக்கக்குள்ள காலியா இரிந்திச்சி. சரி, எடுத்துத் திண்டிட்டாங்க, கோவம் இல்ல எண்டு நினைச்சன்."

பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. நோன்புக் கஞ்சி வந்த கோப்பையில் வாழைப்பழம் போகும், வட்டிலப்பம் வந்த பீங்கானில் முட்டையாவது போகும்; ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனி. பாலாவியில் இது பிள்ளைக்கும் தெரியும். மர்ஸூக்குக்கும் தெரியும். ஆனால் வேகன் ஒரு பாத்திரம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பத்துப் பதினைந்து வருடமாகச் சரக்கு வேகன்களைப் பார்த்துப் பார்த்து, அவை சரக்கு ஏற்றுவதற்கானவை என்பதை மட்டும் அவர் கவனிக்காமல் விட்டிருந்தார்.

அஸீஸாவின் முகம் மாறியது. "நீங்களா திண்டீங்க? சீனி வருத்தத்தோட? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

மர்ஸூக் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

அஸீஸா கிட்டே வந்தாள். கடைசி வருடங்களில் மாமனாரின் தலையணை உறையை உதறியவள் அவள்தான். "வாப்பாட மாதிரி எண்டு நினைச்சிட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"கிளினிக்ல என்ன கிழமை எண்டு கேட்டாங்க புள்ள."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"செவ்வாய்."

"சரிதானே! பின்ன என்ன?" என்று அதட்டினாள். அதட்டிவிட்டு ஸ்காஃப் நுனியால் மூக்கைத் துடைத்தாள். மர்ஸூக்குக்கு மார்பிலிருந்து ஒரு லொறிப் பாரம் இறங்கியது. தலை இருக்கிறது. இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"தொதலும் நல்லா இரிந்திச்சி," என்றார் றிஸ்மியாவிடம், பெருந்தன்மையோடு.

"என்ன தொதல்?"

"காட் பெட்டிக்குள்ள வச்சியே."

"நான் தொதல் கிண்டுறதே இல்ல மச்சான், கை கழண்டு போகும். கூரை போட்ட அந்தக் குட்டிப் பெட்டியா? அத நான் தொட்டதே இல்ல."

மர்ஸூக் அஸீஸாவைப் பார்த்தார். "என்ட பக்கம் பாக்காதீங்க," என்றாள் அவள். இறங்கிய லொறி திரும்பவும் ஏறப் பார்த்தது.

மறுநாள் றிஸ்மியா வீட்டிலிருந்து ஒரு பீங்கான் நிறையப் பட்டிஸ் வந்தது. உறைப்புப் பலகாரம். சீனி வருத்தம் என்று தெரிந்த பிறகு செய்த பரிகாரம். பட்டிஸைத் தின்று முடித்ததும் அஸீஸா பீங்கானைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்க, இத வெறுமையா அனுப்ப ஏலாது. வீட்டில ஒரு சாமானும் இல்ல. என்ன வைக்கிற?"

"கொஞ்சம் பொறு," என்றார் மர்ஸூக்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. அறைக்குள் போனார். இரண்டாம் தட்டில், ஜன்னலும் சாமான் வலையும் வைத்த பயணிகள் பெட்டியை அவருடைய கை நேரே போய் எடுத்தது. தேடவில்லை, தடுமாறவில்லை. பெருவிரல் தானாகவே கூரையின் விளிம்பைக் கண்டுபிடித்து நெம்பியது. உள்ளே, இருக்கைகளுக்கு நடுவே நடைவழி நீளத்துக்கு, எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய தொதல் துண்டு ஒன்று படுத்துக் கிடந்தது.

கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஞாபகத்தில் முதலில் ஒரு மழை வந்தது. பிறகு பஸ் நின்றது. ஒரு கடைவாசல், சில்லறை இல்லை என்று இரண்டாவது துண்டையும் சேர்த்துச் சுற்றிக் கொடுத்த கடைக்காரன். அஸீஸாவுக்குத் தெரியக் கூடாது என்று சாரத்து மடிப்புக்குள் செருகியது. அது எந்த ஊர்?

முந்தல்.

"மங்களஎளிய, முந்தல், புளிச்சாக்குளம்," என்று வாய்க்குள் சொன்னார். தடையில்லாமல் வந்தது.

அப்படியென்றால் மறந்தது உண்மை. ஞாபகம் வந்ததும் உண்மை. ஒளித்த கை மறக்கவில்லை, ஒளிக்கச் சொன்ன தலைதான் மறந்தது; அல்லது மனைவியிடம் மறைக்கப் போய்த் தன்னிடமிருந்தே நன்றாக மறைத்துவிட்டார். இதில் எது நோய், எது சாமர்த்தியம்? இதை வாப்பாவின் கணக்கில் வைப்பதா, சீனி வருத்தக்காரர்கள் எல்லோரும் செய்கிற களவுக் கணக்கில் வைப்பதா? கிளினிக்கில் அந்தப் பிள்ளையிடம் கேட்கலாம். கேட்பதென்றால் வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூட்டிக்கொண்டு போனால் முந்தலைச் சொல்ல வேண்டும்.

"என்ன செய்றீங்க உள்ளுக்க?" என்று அஸீஸா கூப்பிட்டாள்.

வெளியே வந்து தொதலைப் பீங்கானில் வைத்தார். பீங்கான் நடுவில் அது நன்றாகத்தான் இருந்தது. அஸீஸா தொதலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பவும் தொதலைப் பார்த்தாள்.

"இது எங்கால?"

மர்ஸூக் இந்த முறை யோசிக்கவில்லை.

"வேகன்ல வந்தது."